தலைமையாசிரியர் மேசையில் சட்டம்

தமிழ்நாட்டில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் அன்றாட வேலையைத் தொடும் சட்டங்களை எண்ணத் தொடங்கினால் இரு கை விரல்கள் போதாது. 2009ஆம் ஆண்டின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டம் என்று பட்டியல் நீளும். தனியார் பள்ளி என்றால் மாநிலத்தின் ஒழுங்குமுறைச் சட்டமும் கட்டணச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இத்தனையையும் செயல்படுத்த வேண்டியவர் பெரும்பாலும் இருபது ஆண்டுகள் வேதியியலோ வரலாறோ நடத்திவிட்டுப் பணிமூப்பில் பதவி உயர்வு பெற்றவர். பி.எட். படிப்பில் கற்பித்தல் முறையும் குழந்தை உளவியலும் உண்டு. அலுவலக வாசலில் ஒரு தாய் அழுதுகொண்டு நிற்கும்போது முதல் தொலைபேசி அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்ற பாடம் அதில் இல்லை.

இந்தக் குறையை நிரப்பத்தான் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடக்கின்றன. மண்டபம் நிறைய தலைமையாசிரியர்கள். மேடையில் ஒரு வழக்கறிஞர். திரையில் சட்டப் பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். மாலையில் ஒரு கையேடும் வருகைச் சான்றும் கொடுப்பார்கள். இப்படிக் கேட்டறிந்தது தேவைப்படும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. அதற்குக் காரணம் கேட்டவரின் அக்கறையின்மை என்று சொல்லிவிட முடியாது. பிரிவு 19, பிரிவு 21 என்று எண் வரிசையில் படித்த சட்டத்துக்கு எதிரே, வாழ்க்கை எண் போட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு குழந்தையின் சொல்லாகவோ, ஒரு தகப்பனின் கெஞ்சலாகவோ, மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவாகவோ அது வந்து நிற்கிறது. அதற்குள் இருக்கும் சட்டக் கேள்வியை அடையாளம் காண்பதுதான் கடினமான பகுதி. அந்தத் திறனைச் சொற்பொழிவால் ஊட்ட முடியாது, பழக்கித்தான் ஆக வேண்டும். பழக்கும் வழி, சூழல்களை முன்வைத்து முடிவெடுக்கச் சொல்லும் பயிற்சி.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் 1870இல் கிறிஸ்டோஃபர் கொலம்பஸ் லாங்டெல், சட்ட விதிகளை ஒப்பிக்கச் சொல்வதை விட்டுவிட்டு, உண்மையான வழக்குகளை மாணவர் முன் வைத்து விவாதிக்கச் செய்தார். 1950களில் அமெரிக்க விமானப்படைக்காக ஒரு சோதனை முறை உருவானது: அதிகாரியின் மேசைக் கூடையில் கடிதங்கள், குறிப்புகள், புகார்கள் குவிந்து கிடக்கும், குறித்த நேரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள். அதையே பள்ளிக்குக் கொண்டுவந்தவர்கள் ஹெம்பில், கிரிஃபித்ஸ், ஃபிரெடெரிக்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள். 'விட்மன் பள்ளி' என்ற கற்பனைப் பள்ளியைப் படைத்து, அதன் ஆசிரியர்கள், ஊர், கோப்புகள் எல்லாவற்றையும் முழுமையாகத் தயாரித்து, 232 தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களை அதன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1962இல் வெளியான அந்த ஆய்வில், தகவல் திரட்டி, பிறரைக் கலந்து முடிவுக்குத் தயாராகிறவர்களுக்கும், வந்த கடிதத்துக்கு உடனே பதில் எழுதி முடித்துவிடுகிறவர்களுக்கும் இடையிலான வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஒரே கடிதம், ஒரே நாற்காலி, வெவ்வேறு முடிவு. பயிற்சியின் வேலை அந்த வேறுபாட்டை ஒவ்வொருவருக்கும் அவர் எழுதிய பதிலிலிருந்தே காட்டுவது.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கு ஏற்ற ஒரு சூழலை எடுத்துக்கொண்டால் முறை விளங்கும். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.40. ஏழாம் வகுப்பு ஆசிரியை தலைமையாசிரியரின் அறைக்கு வந்து, பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒரு மாணவி சொன்னாள் என்கிறார். பயிற்சியில் பங்கேற்பவர்களுக்கு இந்த ஒரு சீட்டு மட்டும் தரப்படும். அடுத்த பத்து நிமிடங்களில் என்ன செய்வீர்கள் என்று எழுதித் தர வேண்டும்.

அனுபவமுள்ள, நல்ல மனம் படைத்த தலைமையாசிரியர்களுக்கும் இங்கே முதலில் தோன்றுவது ஒன்றே: குழந்தையைக் கூப்பிட்டு விசாரிப்பது, பயிற்றுநரைக் கூப்பிட்டு விசாரிப்பது, இரண்டு மூத்த ஆசிரியர்களை வைத்து உண்மையைக் கண்டுபிடிப்பது. போக்சோ சட்டம் கேட்பது இதை அல்ல. குற்றம் நடந்ததாக அறிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, யாராக இருந்தாலும் சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. குற்றத்தை நிரூபித்துவிட்டுத் தெரிவிக்கும்படி அது கேட்கவில்லை. கண்டுபிடிக்கும் வேலை காவல் துறையுடையது. குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அலுவலர், கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், பதிவு செய்ய வேண்டும் என்று 24ஆம் பிரிவு ஏற்பாடு செய்திருக்கிறது. அதற்கு முன்பே வகுப்பாசிரியை, தலைமையாசிரியர், தாளாளர், குழு என்று நான்கு முறை அவளைச் சொல்ல வைப்பது அவளை நான்கு முறை காயப்படுத்துவது. வழக்கையும் அது கெடுத்துவிடும்.

இரண்டாவது சீட்டு. பெற்றோர் வந்துவிட்டார்கள். "எங்க பொண்ணு பேரு கெட்டுப்போயிடும் சார். போலீஸ் எல்லாம் வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்." இந்தக் கெஞ்சலில் பொய் இல்லை, ஊர் வாயைப் பற்றிய அச்சம் உண்மையானது. ஆனால் பெற்றோர் வேண்டாம் என்றாலும் தெரிவிக்கும் கடமை நீங்குவதில்லை. மூன்றாவது சீட்டு. தாளாளர் தொலைபேசியில் வருகிறார். "அவரை ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்லிடுங்க. திங்கட்கிழமை உக்காந்து பேசிக்கலாம்." திங்கட்கிழமை என்ற சொல்லுக்குள்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. தெரிவிக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை; நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கட்டுப்பாட்டிலுள்ள ஊழியர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது 21ஆம் பிரிவு. அதே சட்டம், நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது எந்தப் பொறுப்பும் சாராது என்ற பாதுகாப்பையும் தருகிறது. இந்தப் பாதுகாப்பைத் தண்டனை அளவுக்கு யாரும் அறிந்துவைத்திருப்பதில்லை. நான்காவது சீட்டில் ஒரு செய்தியாளர் பள்ளி வாசலில் நின்று மாணவியின் வகுப்பைக் கேட்கிறார். வகுப்பு, ஊர், தகப்பனார் செய்யும் தொழில் என்று எதைச் சொன்னாலும் அவள் யார் என்று தெரிந்துவிடும்.

நான்கு சீட்டுகளும் முடிந்த பிறகு நடக்கும் கலந்துரையாடலில்தான் பாடம் இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு யாரிடம் பேசினார், எதை எழுதி வைத்தார், குழந்தையிடம் என்ன கேட்டார், என்ன கேட்காமல் விட்டார், மாலை அவள் யாரோடு வீட்டுக்குப் போனாள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தை தன் சொற்களில் சொன்னதை ஆசிரியை அப்படியே எழுதி, நேரமும் தேதியும் இட்டுக் கையெழுத்திடுவது. குற்றம் சாட்டப்பட்டவர் அவள் பக்கமே வராதபடி பார்த்துக்கொள்வது. காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து அதன் நகலை வாங்குவது. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைப்பது. தகவல் கிடைத்தால் காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். அதாவது தலைமையாசிரியர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அவர் முதல் கதவைத் திறந்தால் மற்றவை திறக்கும். மகாராஷ்டிரத்தில் விடுதிப் பள்ளி மாணவிகள் பாதிக்கப்பட்டதைத் தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று மருத்துவர் ஒருவர் மீது தொடரப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அந்த வழக்கை மீட்டெடுத்தது. தெரிந்தும் மறைப்பது கடுமையான குற்றம் என்று அது கருதியது.

இரண்டாவது சூழலைப் புதிதாகப் படைக்கவே வேண்டாம், இந்திய நீதிமன்ற வரலாறே தந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு கேரளத்தில் ஒரு பள்ளி. யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த அண்ணன் தங்கையர் மூவர், காலை வழிபாட்டில் தேசிய கீதம் பாடும்போது மற்றவர்களோடு எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாட மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அது யாரையும் உறுத்தவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் அதைக் கவனித்துச் சட்டமன்றத்தில் எழுப்பினார். விசாரணைக்கு அமைந்த குழு, அந்தப் பிள்ளைகள் சட்டத்தை மதித்து நடப்பவர்கள் என்றது. அப்படியிருந்தும் கல்வித் துறை துணை ஆய்வாளர் அறிவுறுத்த, ஜூலை மாதத்தில் தலைமையாசிரியை மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்.

பயிற்சியில் இந்த இடத்தில் கதையை நிறுத்தி, அந்தத் தலைமையாசிரியையின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்று கேட்க வேண்டும். அறையில் பெரும்பாலோர் மேலதிகாரி சொன்னபடி செய்ததாகவே எழுதுவார்கள். அதற்குக் குறை சொல்ல முடியாது, நம் பள்ளி நிர்வாகம் அவர்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறது. பிறகு தீர்ப்பைத் திறக்கலாம். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு மூன்று பிள்ளைகளையும் மீண்டும் பள்ளியில் சேர்க்கச் சொன்னது. பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் பாடுவதைத் தடுப்பவரையும் குலைப்பவரையும் மட்டுமே தண்டிக்கிறது. கல்வித் துறையின் 1961, 1970ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைகளுக்குச் சட்ட வலு இல்லை. ஒரு குடிமகனின் அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும், துறைக் கடிதம் போதாது. இந்த வழக்கு தலைமையாசிரியருக்குக் கற்றுத்தருவது எதிர்த்துப் பேசும் துணிச்சலை அல்ல, ஒரு கேள்வியை: "ஐயா, இதை எழுத்தில் தர முடியுமா? எந்த அரசாணை, எந்த விதியின்படி?" பணிவான குரலில் இதைக் கேட்கும் பழக்கம் வந்தால் தவறான நீக்கங்களில் பாதி அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

மூன்றாவது சூழல் திருப்பூரில் அன்றாடம் நடக்கக்கூடியது. அக்டோபர் மாதம். பீகாரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த தம்பதி ஒன்பது வயது மகனோடு பள்ளி வாசலில் நிற்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை, ஆதார் இல்லை. பையனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எமிஸ் என்ற பள்ளி மாணவர் தகவல் தளத்தில் அவன் விவரம் இல்லை. "ஜூன் மாசம் வாங்க" என்பது எளிய விடை. கல்வி உரிமைச் சட்டம் அந்த விடையை எல்லாப் பக்கமும் அடைத்திருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது பிரிவு 4. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது, சான்றிதழ் தரத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது பிரிவு 5. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14. சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15. ஆதாரைப் பொறுத்தவரை, பள்ளிச் சேர்க்கைக்கு அது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லிவிட்டது. மாற்றுச் சான்றிதழைக் கட்டணப் பாக்கி வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது, அதில் பாக்கி பற்றிய குறிப்பும் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. இந்தச் சூழலைக் கையாளும் தலைமையாசிரியருக்கு நான்கு பிரிவுகளும் ஒரே பையனின் முகத்தோடு மனத்தில் பதியும். கையேட்டில் நான்கு தனித்தனி வரிகளாகப் படித்தபோது இது நடக்கவில்லை.

அடிப்பதைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தன் பொறுப்பிலுள்ள குழந்தையைத் தாக்கித் தேவையற்ற துன்பம் விளைவிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் சூழல் வடிவில் வைக்கும்போது ஒன்று வெளிப்படும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று தகப்பனே சொல்லிவிட்டுப் போன குழந்தையை ஆசிரியர் அடித்தால் என்ன? அந்த அனுமதிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பெற்றோர் சொன்னதாலேயே ஆசிரியர் தப்பிக்க முடியாது என்பதைக் கேட்டுப் பயிற்சி அறை திடுக்கிடும்.

சாதி சார்ந்த சூழல்களுக்குக் கூடுதல் நேரம் தேவை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றை மாணவர் அணியத் தடை விதிக்க வேண்டும் என்பதும், ஆசிரியர் மாணவரைச் சாதியைச் சொல்லி அழைக்கக் கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் அடங்கும். இதைச் சூழலாக்கும்போது சீட்டு மிகச் சாதாரணமாகத் தொடங்கலாம். பத்தாம் வகுப்பில் எட்டுப் பேர் ஒரே நிறக் கயிறு கட்டி வருகிறார்கள். கேட்டால் கோவில் கயிறு என்கிறார்கள். மறுநாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து "பிள்ளைங்க விஷயத்துல தலையிடாதீங்க" என்கிறார். அதே வாரம் கழிவறை சுத்தம் செய்ய எந்தப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்ற புகாரும் வருகிறது. இரண்டும் வெவ்வேறு சீட்டுகளாகத் தெரிந்தாலும் ஒரே வேர். கயிற்றைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கழிவறையை மறந்துவிடும் தலைமையாசிரியர் பாதிச் சட்டத்தைத்தான் கடைப்பிடித்தவர் ஆவார். பின்தங்கிய பிரிவுக் குழந்தை பள்ளியில் எவ்வகையிலும் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்ப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் அரசின் கடமையாக்கியிருக்கிறது. பள்ளிக்குள் அரசாக நிற்பவர் தலைமையாசிரியர்.

கட்டடமும் சட்டம்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அந்தத் துயரத்தையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்று தீர்ப்பளித்தது. தலைமையாசிரியர் மேசைக் கூடையில் தீயணைப்புத் துறைச் சான்றிதழின் காலாவதித் தேதி ஒரு சாதாரணக் கடிதமாகக் கிடக்க வேண்டும், விருது விழா அழைப்பிதழுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் நடுவே. அதை யார் கையில் எடுக்கிறார், யார் பிறகு பார்க்கலாம் என்று அடியில் வைக்கிறார் என்பதை அங்கே பார்த்துவிடலாம்.

சூழல் எழுதுபவர் செய்யும் பெரிய பிழை, ஒரே சரியான விடை முன்கூட்டியே தெரியும்படி எழுதிவிடுவது. உண்மையில் தலைமையாசிரியருக்கு முழுத் தகவல் ஒருபோதும் கிடைப்பதில்லை, நேரம் குறைவு, ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்கிறார்கள். சூழலும் அப்படி இருக்க வேண்டும். உண்மையான குழந்தையின் வழக்கைப் பெயர் மாற்றி மட்டும் பயன்படுத்தக் கூடாது. ஊரும் வகுப்பும் காலமும் மாற வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சியே அடையாளத்தை வெளியிட்டுவிடும். நடத்துபவர்களில் வழக்கறிஞரோடு ஒரு மூத்த தலைமையாசிரியரும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரும் இருக்க வேண்டும். வழக்கறிஞர் மட்டும் இருந்தால் எல்லா விடையும் 'சட்டப்படி' என்று முடியும். தலைமையாசிரியர் மட்டும் இருந்தால் 'நடைமுறையில்' என்று முடியும். சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2019இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்திலும் எட்டிலும் தேர்ச்சி பெறாதவரை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி திறந்தது. தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை என்ற நிலையிலேயே இருக்கிறது. பழைய சீட்டைத் தூசி தட்டி எடுப்பவர் இதைக் கவனிக்காவிட்டால் தவறான சட்டத்தைக் கற்பித்துவிடுவார்.

இன்னோர் ஆபத்தும் உண்டு, அதைப் பயிற்சியாளர்கள் போதிய அளவு பேசுவதில்லை. சட்டத்தைத் தண்டனைப் பட்டியலாக மட்டும் கற்றுத்தந்தால் தலைமையாசிரியர் தற்காப்புக்குப் போய்விடுவார். சுற்றுலாவை நிறுத்துவார், விளையாட்டில் விழுந்த குழந்தையைத் தூக்க ஆசிரியரைத் தயங்க வைப்பார், கற்றல் குறைபாடு உள்ள குழந்தையைச் சிக்கல் என்று கருதிச் சிறப்புப் பள்ளியைக் கைகாட்டுவார். அந்தக் கடைசிச் செயல் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையே மீறுவது. பாகுபாடின்றிச் சேர்த்து மற்றப் பிள்ளைகளோடு படிக்க வைக்கச் சொல்கிறது அது. அது பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. ஆகவே ஒவ்வொரு சூழலின் முடிவிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த முடிவால் அந்தக் குழந்தை இன்று மாலை எப்படி வீடு திரும்பியது என்பதே. தலைமையாசிரியர் மாட்டிக்கொண்டாரா என்ற கேள்வி அதற்குப் பின்னால் வரட்டும்.

இதற்குப் புதிய நிறுவனமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. தலைமையாசிரியர் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. புள்ளிவிவரங்களும் சுற்றறிக்கைகளும் வாசிக்கப்படும் அந்தக் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் ஒரு சூழலுக்கு அரை மணி நேரம் ஒதுக்க முதன்மைக் கல்வி அலுவலர்கள் முன்வர வேண்டும். முதல் சீட்டு வெள்ளிக்கிழமை 3.40 மணிக்கு ஆசிரியை வந்து சொன்ன அந்த மாணவியுடையதாக இருக்கட்டும்.